தாவர நார் வெப்பக் காப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கட்டடச் சுவருக்கும் கூரைக்கும் தாவர நாரில் வெப்பக் காப்பு, அதாவது இன்சுலேஷன், போடுவது பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: சணல், ஹெம்ப், ஆளி, தென்னை நார், மரநார் என்று பல பெயர் சொல்கிறார்கள். சணலும் ஹெம்பும் ஒன்றா? இவற்றில் எது நல்லது?

ஒன்றல்ல. கோணிப்பை நெய்யும் சணல் கார்கோரஸ் இனம். ஹெம்ப் என்பது கன்னாபிஸ், அதாவது கஞ்சாச் செடியில் போதைச் சத்து மிகக் குறைந்த வகையை நாருக்காக வளர்ப்பது. பசுந்தாள் உரமாக விதைக்கும் சணப்பு மூன்றாவது செடி, குரோட்டலேரியா. அதற்கு ஆங்கிலத்தில் 'சன் ஹெம்ப்' என்று பெயர் இருப்பதால்தான் இத்தனை குழப்பம். விற்பவரிடம் தாவரவியல் பெயரைக் கேட்டுவிடுங்கள்.

எது நல்லது என்பதற்குச் செடியின் பெயரில் விடை இல்லை. வெப்பத்தைத் தடுப்பது நார் அல்ல, நார்களுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்று. அதனால் வெப்பங்கடத்தும் எண்கள் (குறைய இருந்தால் காப்பு நல்லது) பக்கம் பக்கமாகவே இருக்கும். ஹெம்ப், ஆளி, மரநார் மெத்தைகளும் ஊதி நிரப்பும் செல்லுலோஸும் (பழைய காகிதத்தை அரைத்த நார்) 0.036 முதல் 0.042 வரை (அலகு: வாட்/மீட்டர்-கெல்வின்). தென்னை நார்ப் பலகை 0.040 முதல் 0.050 வரை. வைக்கோல் கட்டு 0.045 முதல் 0.08 வரை, வைக்கோல் தாள்கள், அதாவது தண்டுகள், எந்தத் திசையில் கிடக்கின்றன என்பதைப் பொறுத்து மாறும். ஒப்பிட, கண்ணாடிக் கம்பளி 0.032 முதல் 0.044 வரை. எண்ணில் ஓர் இழை கூடக்குறைய இருப்பதற்காக அலைய வேண்டாம். பார்க்க வேண்டியவை மூன்று: ஒரு கன மீட்டரின் எடை, உள்ளே சேர்த்த பிணைப்புப் பொருளும் தீ, பூச்சி தடுக்கும் உப்பும் என்ன, போடும் இடத்தில் ஈரம் வருமா. ஈரம் எட்டிப்பார்க்கும் இடமென்றால் தென்னை நார் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதில் எளிதில் மக்காத மரச்சத்தான லிக்னின் சுமார் 40 சதவீதம். பருத்தி கிட்டத்தட்ட முழுக்கச் செல்லுலோஸ் என்பதால் சீக்கிரம் மக்கும்.

கேள்வி: 100 மி.மீ. மெத்தை போட்டால் போதும் என்கிறார் ஒப்பந்ததாரர். எப்படிச் சரிபார்ப்பது?

தடிமனை மீட்டரில் எழுதி, வெப்பங்கடத்தும் எண்ணால் வகுத்தால் வெப்பத்தடை எண் கிடைக்கும். 0.100-ஐ 0.040-ஆல் வகுத்தால் 2.5. ஆனால் இது மெத்தைக்கு மட்டும் உரிய எண். சுவரில் மரச்சட்டங்களும் இருக்கின்றன. மரத்தின் எண் 0.13 என்பதால் அதே 100 மி.மீ. மரத்தின் தடை 0.77 மட்டுமே. செங்குத்துச் சட்டம், மேல் கீழ்ச் சட்டம், ஜன்னல் சட்டம் எல்லாம் சேர்ந்து சுவர்ப் பரப்பில் 12 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பம் போகும் அளவு தடையின் தலைகீழ்: மெத்தைக்கு 0.40, மரத்துக்கு 1.30. ஆக 0.88 × 0.40 + 0.12 × 1.30 = 0.508. அதன் தலைகீழ் 1.97. வாங்கியது 2.5, கிடைத்தது ஏறக்குறைய 2.

இந்த இழப்பை ஈடுகட்ட இன்னும் தடித்த மெத்தையைத் தேட வேண்டாம். சட்டங்களுக்கு வெளியே 40 அல்லது 60 மி.மீ. மரநார்ப் பலகையைத் தொடர்ச்சியாக அடிப்பதுதான் நல்ல வழி. மரம் வழியாக ஓடும் வெப்பமும் மறிக்கப்படும், காற்றுக் கசிவும் குறையும்.

கேள்வி: தாவர நார் பகல் வெயிலைப் பத்து மணி நேரம் தள்ளிப்போட்டு இரவில்தான் உள்ளே விடும் என்று விளம்பரம் வருகிறது. உண்மையா?

அடர்த்தியான பலகைக்கு அது உண்மைக்குப் பக்கத்தில் வரும். லேசான மெத்தைக்கு வராது. கணக்கைப் பாருங்கள். கன மீட்டருக்கு 160 கிலோ எடையுள்ள மரநார்ப் பலகையை 160 மி.மீ. தடிமனில் போட்டால் சதுர மீட்டருக்கு 25.6 கிலோ. மரநாரின் வெப்பக் கொள்ளளவு கிலோவுக்கு 2.1 கிலோஜூல். ஆக, ஒரு டிகிரி சூடேற சுமார் 54 கிலோஜூல் வேண்டும். கன மீட்டருக்கு 20 கிலோ எடையுள்ள கண்ணாடிக் கம்பளிக்கு அதே தடிமனில் 3 கிலோஜூல்தான். பதினேழு மடங்கு வித்தியாசம். கன மீட்டருக்கு 40 கிலோ எடையுள்ள ஹெம்ப் மெத்தை 100 மி.மீ. போட்டால் கிடைப்பது 6 அல்லது 7 கிலோஜூல். பலகையின் பெருமையை மெத்தைக்கு ஏற்றிச் சொல்வது வாங்குபவரை ஏமாற்றுவது.

வெயில் நேரே விழும் ஜன்னலுக்கு வெளியே நிழல் இல்லையென்றால், கூரையில் எதைப் போட்டாலும் அறை சுடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: மெத்தையை நானே பொருத்தலாமா? எப்படி வெட்டுவது?

தாராளமாகச் செய்யலாம். ஆனால் இழுத்து இழுத்து அறுத்தால் நார் சுருண்டு விளிம்பு பிய்யும். சாதாரணக் கட்டர் கத்தி ஹெம்பில் இரண்டு வெட்டுக்கு மேல் தாங்காது. நீண்ட, அலைபோன்ற விளிம்புள்ள கத்தி அல்லது நார் வெட்டுவதற்கென்றே வரும் அலைவிளிம்புப் பிளேடு மாட்டிய மின்ரம்பம் வேண்டும். மெத்தைக்கு அடியில் ஒரு பலகை, மேலே அளவுக்கோலாக இன்னொரு பலகை. மேல் பலகையை முழங்காலால் அழுத்தி நாரைச் சப்பையாக்கிக்கொண்டு அறுத்தால் விளிம்பு நேராக வரும். தூசிக்கு முகக்கவசம் கட்டாயம். இயற்கைத் தூசியும் நுரையீரலுக்குத் தூசிதான்.

சட்டங்களுக்கு இடையே உள்ள அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, பெரிய அளவோடு 10 முதல் 15 மி.மீ. கூட்டி வெட்டுங்கள். மெத்தை தன் இறுக்கத்திலேயே நிற்க வேண்டும். ஆணி தேவைப்பட்டால் வெட்டு சிறிதாகிவிட்டது என்று அர்த்தம். உள்ளே வைத்ததும் நான்கு மூலைகளையும் விரலால் குத்திப் பாருங்கள். விரல் எதிர்ப்பில்லாமல் போனால் அங்கே இடைவெளி இருக்கிறது.

குறுக்கே குழாயோ வயரோ போனால் மெத்தையை அதன்மேல் அமுக்கிவிடாதீர்கள். அமுக்கினால் பின்பக்கம் கூடாரம் போல வெற்றிடம் விழும். தடிமனில் பாதிவரை கிழித்து, பாதியைக் குழாய்க்குப் பின்னும் பாதியை முன்னும் விடுங்கள்.

வயர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அரை மீட்டருக்கு மேல் முழுவதும் நாருக்குள் புதைந்த வயரின் மின்தாங்கும் அளவைப் பாதியாகக் கணக்கிடச் சொல்கிறது பிரிட்டிஷ் வயரிங் தரம் பி.எஸ். 7671. ஏ.சி., ஹீட்டர் போன்றவற்றின் வயரை நாருக்கு வெளியே கொண்டுபோவதே மேல். கூரையில் குழிவிளக்கு இருந்தால் அதற்குத் தீப்பிடிக்காத மூடி வேண்டும்.

கேள்வி: இரண்டு வருடம் முன்பு போட்ட ஆளி மெத்தையைப் பழுதுக்காகத் திறந்தோம். பின்பக்கம் கரிய கோடுகள். பூஞ்சணமா? எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

எடுப்பதற்கு முன் கோட்டை நன்றாகப் பாருங்கள். அது பலகை மூட்டு, சுவிட்சுப் பெட்டி, கீழ்ச்சட்டம் ஆகியவற்றை ஒட்டி ஸ்கேல் வைத்தாற்போல் ஓடுகிறதா? அந்த இடத்து நாரைப் பிடுங்கி வெள்ளைத் துணியில் தேய்த்தால் சாம்பல் நிறத் தூள் ஒட்டுகிறதா? வாடை இல்லையா? நாரை இழுத்தால் பழையபடி வலுவாக இருக்கிறதா? அப்படியானால் அது தூசி. மூட்டு வழியே காற்று புகுந்து வெளியேறும்போது மெத்தை வடிகட்டியாக வேலை செய்து தூசியைப் பிடித்து வைத்திருக்கிறது. பூஞ்சணம் கோடாக வராது. புள்ளி புள்ளியாக, வட்டம் வட்டமாக வரும். பச்சை, கருப்பு, வெள்ளை கலந்திருக்கும். மண்வாடை அடிக்கும், நார் பொடியும்.

தூசிக்கோடு என்றால் மெத்தை நல்லது, மூட்டுதான் கெட்டது. காற்றுத்தடுப்பு நாடாவால் மூட்டை அடைத்து அதே மெத்தையைத் திரும்ப வைக்கலாம். அடைக்காமல் புது மெத்தை வைத்தால், அடுத்த முறை திறக்கும்போது அதே இடத்தில் அதே கோடு இருக்கும். கசியும் காற்று ஈரத்தையும் சேர்த்தே கொண்டுவரும் என்பதால் இந்தக் கோடுகளை முன்னெச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாவர நார் 'மூச்சுவிடும்' என்கிறார்கள். அப்படியானால் பாலித்தீன் தாள் போடக் கூடாதா? நண்பர் கட்டாயம் போடச் சொல்கிறார்.

இந்த 'மூச்சு' என்ற சொல் நிறைய சுவர்களைக் கெடுத்திருக்கிறது. சுவர் வழியே காற்று போகக் கூடாது. நீராவி மெல்ல ஊடுருவிப் போகலாம். காற்று போனால் ஒரு சிறு பிளவு வழியாகவே, நீராவியாக ஊடுருவுவதைவிடப் பல மடங்கு ஈரம் உள்ளே வந்துவிடும். ஆகவே காற்றுக்கு இறுக்கம், ஆவிக்குத் தளர்வு. இரண்டும் சேர்ந்தால்தான் தாவர நார் நிலைக்கும்.

தாள் வேண்டுமா என்பதைத் தட்பவெப்பம் தீர்மானிக்கும். ஈரம் வெப்பமான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குப் போகும். குளிர்நாட்டில் அறையின் ஈரக்காற்று வெளிநோக்கிப் போய் வெளிப்பலகையில் வியர்க்கும். அதனால் அங்கே உட்பக்கம் ஆவித்தடுப்பு, வெளிப்பக்கம் தளர்வு. வெளிப்பக்கத்தைவிட உட்பக்கத்தின் ஆவித்தடை ஐந்து மடங்கு இருக்க வேண்டும் என்பது அங்குள்ள பொதுக் கணக்கு. வெப்பமும் புழுக்கமும் உள்ள இடத்தில் ஏ.சி. ஓடும் அறைக்கு இது அப்படியே தலைகீழ். வெளி ஈரம் உள்நோக்கி வந்து, குளிர்ந்த உட்பலகைக்குப் பின்னால் நிற்கும். அங்கே பாலித்தீனோ வினைல் சுவர்த்தாளோ ஒட்டினால் நாரை ஈரத்தோடு பையில் கட்டி வைத்தது போல் ஆகும். உங்கள் நண்பர் சொன்ன வழக்கம் எந்த ஊர்க் குளிருக்கு ஏற்பட்டது என்று கேளுங்கள். இரண்டு பருவமும் வரும் இடமென்றால், காய்ந்திருக்கையில் இறுகி ஈரத்தில் தளரும் 'ஸ்மார்ட்' ஆவித்தாள் பொருத்தம்.

நாருக்கு ஈரத்தைத் தாங்கும் சக்தி உண்டு, ஆனால் எல்லை உண்டு. கன மீட்டருக்கு 40 கிலோ எடையுள்ள மெத்தை 100 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 4 கிலோ நார். ஈரப்பதம் 10 சதவீதத்திலிருந்து 18-க்கு ஏறினால் அது வாங்கிக்கொள்வது 320 கிராம் தண்ணீர், ஒரு பெரிய டம்ளர் அளவு. சமையலறை ஆவியின் ஏற்ற இறக்கத்துக்கு அது போதும். ஒழுகும் குழாய்க்குப் போதாது. நனைந்த இடத்தில் காப்பும் போய்விடும்: நிற்கும் காற்றின் எண் 0.025, தண்ணீரின் எண் 0.6.

கேள்வி: வைக்கோல் கட்டுகளால் சுவர் எழுப்ப விரும்புகிறோம். நீடிக்குமா? கட்டுகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நீடிக்கும். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டு கட்டும் எந்திரம் வந்ததுமே இந்த முறை தொடங்கிவிட்டது. பிரான்சின் மோந்தார்ஜி நகரில் 1920-21-ல் மரச்சட்டமும் வைக்கோலும் கொண்டு கட்டிய ஃபொயெத் வீடு இன்றும் நிற்கிறது.

கட்டை இரண்டு கயிறுகளையும் பிடித்துத் தூக்குங்கள். கயிறு தளர்ந்து கட்டு வளைந்தால் வேண்டாம். அடர்த்தி கன மீட்டருக்கு 100 கிலோவை ஒட்டியாவது இருக்க வேண்டும். தாள் பொன்னிறமாக இருக்க வேண்டும். கருத்த தாள், புளித்த வாடை, மிஞ்சிய தானியக் கதிர் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் ஒதுக்குங்கள். தானியம் இருந்தால் எலி வரும்.

ஈரம் 15 சதவீதம் அளவில் இருப்பது நல்லது, 20-ஐத் தாண்டக் கூடாது. மீட்டர் இல்லாவிட்டால் எடையிலேயே பார்க்கலாம். கட்டின் நடுவிலிருந்து ஒரு பிடி உருவி எடை போடுங்கள். 103 டிகிரி செல்சியஸ் ஓவனில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தி மறுபடி போடுங்கள். 120 கிராம் 104 ஆனால், குறைந்த 16-ஐ 104-ஆல் வகுக்க 15.4 சதவீதம். மேலாகப் பிடுங்கிய வைக்கோலை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாறுவீர்கள். மேல்பகுதி எப்போதும் காய்ந்தே இருக்கும்.

கட்டு தரையில் உட்காரக் கூடாது. வெளித்தரைக்கு மேல் 300 மி.மீ. உயரமாவது அடித்தளம் எழுப்பி, ஈரத்தடுப்பு விரித்து அதன்மேல் வையுங்கள். மழைச்சாரல் தெறித்துச் சுவரின் அடி நனைவதுதான் இந்த வகை வீடுகளின் பெரிய எதிரி. கூரை இறக்கத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கேள்வி: வைக்கோல், நார் எல்லாம் தீப்பிடிக்குமே?

தளர்வாகக் கிடக்கும் வைக்கோல் பிடிக்கும். இறுகக் கட்டி இருபுறமும் பூசிய சுவர் அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. உள்ளே காற்றுக்கு வழியில்லை. 2006-ல் அமெரிக்காவில் நடந்த சோதனைகளில் மண்பூச்சுச் சுவர் 1 மணி நேரமும் சுண்ணாம்பு-சிமென்ட் பூச்சுச் சுவர் 2 மணி நேரமும் தாங்கின. ஆகவே ஆபத்து மிகுந்த கட்டம் பூச்சுக்கு முந்திய நாட்கள். சிந்திய வைக்கோலை அன்றன்று மாலையே கூட்டி அள்ளுங்கள். அருகில் வெல்டிங் வேண்டாம்.

ஹெம்ப், மரநார் மெத்தைகள் ஐரோப்பிய வகைப்பாட்டில் பெரும்பாலும் 'ஈ' வகுப்பு. எரியும் பொருள் என்றே கொள்ள வேண்டும். அவற்றின் குணம் நீறு பூத்த நெருப்பு. சுடர் அணைந்த பின்னும் உள்ளே கனன்று, சில மணி நேரம் கழித்து வேறிடத்தில் எழும். தீப்பொறி விழுந்த மெத்தையை மேலே தண்ணீர் தெளித்து விட்டுவிடாமல் வெளியே இழுத்துப் பிரித்துப் பாருங்கள். உட்புறம் ஜிப்சம் பலகையோ தடித்த பூச்சோ இல்லாமல் நாரைத் திறந்தபடி விடவே கூடாது.

கேள்வி: கரையானும் எலியும்?

நார் மெத்தையில் கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சிக்கு வேண்டிய புரதம் இல்லை, ஆனால் கரையானுக்குச் செல்லுலோஸ்தான் உணவு. வெங்காரம் (போராக்ஸ் என்ற போரான் உப்பு) சேர்த்த நாரை அது விரும்பாது. அதை மட்டும் நம்பாமல் அடித்தளத்திலேயே துருப்பிடிக்காத எஃகு வலை, கண்ணுக்குத் தெரியும் இடைவெளி என்று வழியை மறிக்க வேண்டும். எலிக்கு 6 மி.மீ.-க்குக் குறைந்த கண்ணுள்ள வலை, காற்றோட்டத் துளைகள் எல்லாவற்றிலும்.

கேள்வி: தென்னை நார் எங்களுக்கு நிறையக் கிடைக்கிறது. வெங்காரத்தில் நனைத்துக் கூரைக்குள் திணிக்கலாமா?

அப்படியே திணிப்பதைப் பரிந்துரைக்க மாட்டோம். கையால் திணித்த நார் ஓரிரு வருடத்தில் அமுங்கி மேலே வெற்றிடம் விடும். நாரோடு வரும் தூள் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உப்பங்கழியில் ஊறவைத்த நாரென்றால் உப்பு தங்கி ஆணிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். வெங்காரம் குளிர்ந்த நீரில் 100-க்கு 5 பங்குக்கு மேல் கரையாது. வீட்டுத் தொட்டியில் முக்கி எடுத்தால் நாரில் எங்கே எவ்வளவு ஏறியது என்பதே தெரியாது. போரான் உப்புகள் இனப்பெருக்கத்துக்குத் தீங்கானவை என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தப்பட்டவையும்கூட. ஊசியால் கோத்துப் பலகையாக்கும் ஆலையிடம் நாரைக் கொடுத்து, எடையும் தடிமனும் உறுதிசெய்து வாங்குவதே வழி.

கேள்வி: ஹெம்ப் தண்டும் சுண்ணாம்பும் கலந்து வார்த்த சுவர் உள்ளே மாவாக உதிர்கிறது. சிமென்ட்டும் சேர்த்திருந்தோம்.

சிமென்ட்தான் காரணமாக இருக்கும். தண்டுச் சில்லு தண்ணீரைக் கடகடவென்று குடிக்கும். சிமென்ட் இறுகத் தேவையான நீர் அதற்குக் கிடைக்காது. தண்டிலிருந்து கரைந்து வரும் சர்க்கரை வகைகள் இறுகுவதை மேலும் தாமதப்படுத்தும். வெளித்தோல் கெட்டியாகத் தெரியும், நடு மாவாகவே நிற்கும்.

சுவருக்கு எடையில் 1 பங்கு சில்லு, 2 பங்கு சுண்ணாம்புப் பிணைப்பு, 3 பங்கு தண்ணீர் என்பது ஏறத்தாழச் சரியான கலவை. நீற்றிய சுண்ணாம்பு 75, நீரில் இறுகும் சுண்ணாம்பு 15, பொசொலானா (சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும், எரிமலைச் சாம்பல் போன்ற தூள்) 10 என்ற பிணைப்பு நன்கு சோதிக்கப்பட்டது. கையில் பிடித்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், விரல் வழியே பால் வடியக் கூடாது. அச்சின் ஓரங்களில் மட்டும் லேசாகத் தட்டுங்கள். நடுவில் இடித்தால் காற்று போய்க் காப்பும் போகும். 300 மி.மீ. சுவர் பூச்சுக்கு முன் ஆறு முதல் எட்டு வாரமாவது காய வேண்டும். மாவாகிவிட்ட பகுதியை உடைத்தெடுத்து மறுபடி வார்ப்பதைத் தவிர வழியில்லை.

கேள்வி: செல்லுலோஸ் ஊதிய அறையில் அம்மோனியா வாடை வருகிறது.

அம்மோனியம் உப்பு சேர்த்த சரக்கு ஈரச் சுண்ணாம்பையோ கான்கிரீட்டையோ தொட்டால் அப்படி நடக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2016-ல் இதற்கு 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 3 பங்கு) என்று உச்சவரம்பு வைத்தது. ஈரத்தை நிறுத்துங்கள். வாடை தொடர்ந்தால் சரக்கை எடுக்கத்தான் வேண்டும்.

கேள்வி: குழாய் உடைந்து மரநார் மெத்தை நனைந்துவிட்டது. காயவைத்துத் திரும்பப் போடலாமா?

நல்ல தண்ணீர் என்றால், ஒன்றிரண்டு நாளுக்குள் திறந்தீர்கள் என்றால், போடலாம். சாக்கடை கலந்த நீர் என்றால் யோசிக்காமல் அப்புறப்படுத்துங்கள். உட்பலகையை ஈரக்கோட்டுக்கு மேல் அரை மீட்டர் வரை வெட்டி எடுங்கள். மெத்தைகளை உருவி நிழலில் செங்குத்தாக, ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி ஃபேன் போடுங்கள். அடுக்கி வைத்தால் நடுவில் உள்ளது காயாது. காய்ந்த பின் பழைய தடிமனுக்குத் திரும்பாத மெத்தையும், வாடை வீசுவதும், போரான் உப்பு சேர்த்திருந்து நீர் வடிய நனைந்ததும் வேண்டாம். கடைசியாகச் சொன்னதில் தீத்தடுப்பும் தண்ணீரோடு போயிருக்கும். செல்லுலோஸ் நனைந்தால் கூழாகிச் சரியும், முழுவதும் எடுக்க வேண்டும்.

மெத்தை காய்ந்தது என்பதற்காக உடனே மூடிவிடாதீர்கள். மெதுவாகக் காய்வது மரச்சட்டம்தான். கீழ்ச்சட்டத்தில் ஈரமானியின் ஊசியைக் குத்தி, மூன்று நாள் தொடர்ந்து 18 சதவீதத்துக்குக் கீழே காட்டிய பிறகு பலகையை அடியுங்கள்.